மீட்டருக்குப் பிறகு வந்த செயலி

மளிகை வியாபாரிக்கும் வாடகைக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று நம் சங்க உறுப்பினர்கள் சிலர் கேட்கக்கூடும். எனக்கு 1,10,000 ரூபாய் அளவுக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு. அது எப்படி என்று சொல்லுமுன் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

சென்னை ஜார்ஜ் டவுனில் பருப்பு, மிளகாய், மல்லி மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளாக இருந்து வருகிறேன். செங்குன்றம், அம்பத்தூர், திருவொற்றியூர், தாம்பரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சில்லறைக் கடைக்காரர்கள் சரக்கெடுக்க வருகிறார்கள். பெரும்பாலோர் பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ வருவார்கள். சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து, விலை பேசி, மூட்டைகளை லோடு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஏலக்காய், கிராம்பு போன்ற விலை கூடிய சாமான்களை மட்டும் பையில் போட்டுக் கையோடு கொண்டு போவார்கள். வெளியூர் வியாபாரிகள் சென்ட்ரலிலோ எழும்பூரிலோ இறங்கி வருவார்கள். இவர்களெல்லாம் நம் தெருவுக்குச் சுலபமாக வந்து போகிற வரையில்தான் நமக்கு வியாபாரம். ஆகவே ஊரில் வண்டி வாடகை எப்படி நடக்கிறது என்பது நம் கல்லாவைத் தொடுகிற விஷயமே.

பழைய கணக்கு

ஆட்டோக்காரர்களைப் பற்றி முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரலிலிருந்து பாரிமுனை இரண்டு கிலோமீட்டர் சுற்றுத்தான். அதற்கு 100 ரூபாய், பை இருந்தால் 150 ரூபாய் என்று கேட்ட காலம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். மீட்டர் போடுங்கள் என்றால் முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள். போட்டாலும் "மேல போட்டுக் குடுங்க சார்" என்பது தப்பாது. தூத்துக்குடியிலிருந்து வருகிற வியாபாரி ஒருவர் என் கடையில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, ராத்திரி முழுக்க வந்த ரயில் டிக்கெட்டை விட இந்த ரெண்டு கிலோமீட்டருக்கு அதிகம் கொடுத்திருக்கேன்" என்று புலம்பியிருக்கிறார்.

2013 ஆகஸ்டில் அரசு ஆட்டோக் கட்டணத்தைத் திருத்தி அமைத்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு என்று நிர்ணயம் செய்தார்கள். ரசீது அடிக்கும் ஜி.பி.எஸ். மீட்டரை எல்லா ஆட்டோவுக்கும் இலவசமாகத் தருவோம் என்ற அறிவிப்பும் அப்போது வந்தது. சில மாதங்கள் ஊர் ஒழுங்காகத்தான் இருந்தது. நானே மீட்டர் பார்த்துச் சில்லறை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு என்ன ஆயிற்று? ஜி.பி.எஸ். மீட்டர் தெருவுக்கு வந்து சேரவில்லை. கட்டணமோ அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு மேல் திருத்தப்படவே இல்லை. அந்த 2013ல் பெட்ரோல் லிட்டர் 75 ரூபாய் அளவில் இருந்தது. பிறகு 100 ரூபாயைத் தாண்டிப் போயிற்று. நம் கடையில் 2013ஆம் ஆண்டு விலைப்பட்டியலை மாட்டி வைத்து, இதற்கு மேல் ஒரு பைசா கூட வாங்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நாம் என்ன செய்வோம்? பட்டியல் சுவரில் இருக்கும், விற்பனை வேறு விலையில் நடக்கும். ஆட்டோவிலும் அதுவே நடந்தது. கடைசியில் 2025 பிப்ரவரியில் தொழிற்சங்கங்கள் சில தாங்களாகவே 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், மேற்கொண்டு கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று அறிவித்துக் கொண்டன. அப்படி அறிவிக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். சட்டப்படி அது சரியே. ஆனால் விலையை நிர்ணயிக்கும் பொறுப்பை எடுத்துக் கொண்டவர், காலாகாலத்தில் அதைத் திருத்தும் பொறுப்பையும் எடுத்துக் கொண்டிருக்க வேண்டாமா?

இந்த இடைவெளியில்தான் செல்போன் செயலிக் கம்பெனிகள் நுழைந்தன. ஓலா 2010ல் மும்பையில் ஆரம்பித்தது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் 2009ல் பிறந்த ஊபர் 2013ல் பெங்களூர் வழியாக நம் நாட்டுக்குள் வந்தது. அரசு தருவதாகச் சொன்ன ஜி.பி.எஸ். மீட்டர் செய்ய வேண்டிய வேலையை ஓட்டுநரின் செல்போனே செய்துவிட்டது. ஏறுமுன் தொகை தெரிந்தது, பேரம் இல்லை, வண்டி வாசலுக்கு வந்தது. அதுவும் ஏ.சி. கார், ஆட்டோவை விடக் குறைந்த வாடகையில்! மகிழ்ச்சி அடைந்தவர்களில் நானும் ஒருவன்.

நஷ்டத்துக்கு விற்பவன்

என் கடைத் தராசுக்காரர் சாத்தான்குளம் பக்கத்துக்காரர். என்னோடு ஏறக்குறைய ஒரே காலத்தில் சென்னைக்கு வந்தவர். அவர் மகன் பிளஸ் டூ முடித்து ஒரு டிராவல்ஸில் சம்பளத்துக்குக் கார் ஓட்டிக் கொண்டிருந்தான். 2015ல் ஒருநாள் அப்பாவும் மகனும் சேர்ந்து வந்தார்கள். சொந்தமாகக் கார் வாங்கி ஒரு செயலிக் கம்பெனியில் சேர்க்கப் போவதாகவும், ஒரு பைனான்ஸ் கம்பெனி 5 லட்சம் தரத் தயாராக இருப்பதாகவும், ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்றும் சொன்னார்கள். மாதத் தவணை 11,400 ரூபாய், 60 மாதம்.

கையெழுத்துப் போடுமுன் நம் வழக்கப்படி கணக்குக் கேட்டேன். பையன் தன் சிநேகிதனின் கணக்கை செல்போனில் காட்டினான். ஒரு நாளில் வாடகையாக 2,000 ரூபாய் வந்திருக்கிறது. கம்பெனி கமிஷன் 400, டீசல் 600 போக 1,000 மிச்சம். ஆனால் ஒரு நாளில் 12 சவாரி முடித்ததற்காகக் கம்பெனி தன் கையிலிருந்து 1,800 ரூபாய் ஊக்கத்தொகை போட்டிருந்தது. ஆக நாளுக்கு 2,800. மாதம் 26 நாள் ஓட்டினால் 72,800. தவணை போக 61,400 கையில் நிற்கும்.

அப்போதே எனக்கு ஒன்று நெருடியது. 400 ரூபாய் கமிஷன் வாங்குகிறவன் 1,800 ரூபாய் திருப்பிக் கொடுக்கிறானே, அவனுக்கு எங்கிருந்து வருகிறது? கொள்முதலுக்குக் கீழே விற்கிற கடையை நம் தெருவில் எத்தனையோ பார்த்திருக்கிறோம். ஒன்று, அது திருட்டுச் சரக்காக இருக்கும். அல்லது கடனுக்கு வாங்கி ரொக்கத்துக்கு விற்று மஞ்சக் கடுதாசி கொடுக்கப் போகிறவனாக இருப்பான். அல்லது எதிர்க்கடையை மூட வைத்துவிட்டுப் பிறகு விலையேற்றக் காத்திருப்பவனாக இருப்பான். இத்தனையும் தெரிந்திருந்தும் கையெழுத்துப் போட்டேன். பையன் கெட்டிக்காரன், அப்பன் நாணயஸ்தன் என்ற எண்ணம். பெரிய கம்பெனி, படித்தவர்கள் நடத்துகிறார்கள், அவர்களுக்குத் தெரியாததா என்ற எண்ணமும் கூட. அதுதான் என் தவறு.

பணம் எங்கிருந்து வந்தது என்பது பிறகு பத்திரிகை படித்துத் தெரிந்து கொண்டது. ஜப்பானைச் சேர்ந்த சாப்ட்பேங்க் என்ற முதலீட்டு நிறுவனம் 2014ல் ஓலாவில் பெரும் பணம் போட்டது. அதே நிறுவனம் 2018 தொடக்கத்தில் ஊபரிலும் பெரும் பங்கு வாங்கியது. எதிரும் புதிருமாக இரண்டு கடை, இரண்டுக்கும் முதல் போட்டவர் ஒருவர்! ஊபர் 2019ஆம் ஆண்டில் மட்டும் 850 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. முழு ஆண்டுக்குத் தொழில் லாபம் என்று அது முதன்முதலில் காட்டியது 2023ல்தான். ஆரம்பித்து 14 ஆண்டுகள் கழித்து லாபம் பார்க்கிற கடையை நம்மில் யாரால் நடத்த முடியும்?

மெரு என்ற பழைய டாக்சி நிறுவனம் போட்டி ஆணையத்தில் புகார் செய்தது. ஒவ்வொரு சவாரிக்கும் ஊபர் 204 ரூபாய் நஷ்டப்படுகிறது, வேறு காரணம் இல்லாமல் ஒருவன் இப்படி நஷ்டப்படுவானா என்பது அவர்கள் வாதம். இதை விசாரிக்க வேண்டியதுதான் என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் சொன்னது. ஆயினும் 2021ல் ஆணையம் அந்த வழக்கை முடித்துவிட்டது. ஊபருக்கு ஓலா போட்டியாக இருக்கையில் யாரும் சந்தையைக் கைக்குள் போட்டுக் கொண்டதாகச் சொல்ல முடியாது என்பது அவர்கள் பார்வை. சட்டத்தின் கணக்கு அப்படி.

நம் தம்பியின் கணக்குக்கு வருகிறேன். முதல் ஒரு வருஷம் அவன் சொன்னபடியே நடந்தது. தங்கைக்கு நகை எடுத்தான், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்தான். 2016 கடைசியில் ஊக்கத்தொகையின் நிபந்தனைகள் மாறத் தொடங்கின. 12 சவாரி என்பது 15 ஆயிற்று, தொகை குறைந்தது, பிறகு நின்றே போயிற்று. ஊரில் கார்களும் பெருகிவிட்டன. 2017 பிப்ரவரியில் பெங்களூரிலும் தில்லியிலும் செயலி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததைப் படித்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

அந்த வருஷம் அவன் காட்டிய சிட்டை: 14 மணி நேரம் ஓட்டி வாடகை 2,000. கமிஷனும் வரியும் 500. டீசல் 700. மிச்சம் 800. மாதத்துக்கு 20,800. தவணை போனால் 9,400. அதில்தான் டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், வீட்டு வாடகை, அரிசி, பருப்பு எல்லாம். 2017 டிசம்பர் வரை 27 தவணை கட்டினான். பிறகு முடியவில்லை. 2018 ஜூனில் வண்டியைத் தூக்கிக் கொண்டு போய்விட்டார்கள். பாக்கியும் அபராத வட்டியும் சேர்ந்து 3,40,000 என்றார்கள். ஏலத்தில் 2,30,000 போயிற்று. மீதிக்கு ஜாமீன்காரனுக்கு நோட்டீஸ் வந்தது. நான் கட்டினேன். தராசுக்காரர் ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சம்பளத்தில் பிடித்துக் கொள்ளச் சொன்னார், நான் பிடிக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பொதுவாக எனக்குத் தெரிந்திருந்த கணக்கு அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததன்று. நியூயார்க்கில் டாக்சி ஓட்ட நகராட்சி கொடுக்கும் ஓர் உலோகத் தகடு வேண்டும். எண்ணிக்கை குறைவு என்பதால், நல்ல இடத்துக் கடைக்கு நாம் குட்வில் பணம் கொடுப்பது போல அந்தத் தகட்டுக்கு விலை ஏறிக்கொண்டே போய் 2014 வாக்கில் 10 லட்சம் டாலரைத் தொட்டது. வெளிநாடுகளிலிருந்து போய்க் குடியேறிய ஓட்டுநர்கள் பலர் கடன் வாங்கி அதை வாங்கியிருந்தார்கள். செயலிக் கார்கள் வந்து சில ஆண்டுகளில் அதன் விலை 2 லட்சம் டாலருக்குக் கீழே போயிற்று. 2018ல் சில ஓட்டுநர்கள் உயிரை மாய்த்துக் கொண்ட பிறகுதான் நகராட்சி செயலிக் கார்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. 2021ல் ஓட்டுநர்கள் உண்ணாவிரதம் இருந்து கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வைத்தார்கள்.

மழை நாள் விலை

செயலியில் என்னால் ஜீரணிக்க முடியாத ஒன்று, மழை பெய்தால் வாடகை ஏறுவது. மத்திய அரசு 2020ல் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் அடிப்படைக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரை ஏற்றலாம் என்றார்கள். 2025ல் அதை இரண்டு மடங்கு என்று ஆக்கினார்கள். வரத்துக் குறைந்தால் விலை ஏறும் என்பது வியாபாரிக்குத் தெரியாததல்ல. வெங்காய வரத்து நின்றால் நாமும் ஏற்றத்தான் செய்கிறோம். ஆனால் நம் குடோனுக்கு அதிகாரி வருகிறார், பதுக்கல் என்று பத்திரிகை எழுதுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம்மவர்களில் சிலர் பால் பாக்கெட்டை 100 ரூபாய்க்கு விற்றார்கள். ஊரே ஏசியது. ஏசியது நியாயம். அதே வெள்ளத்தில் மாநகரப் பேருந்துகளில் சில நாட்கள் டிக்கெட்டே வாங்காமல் ஏற்றிச் சென்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஓலாக்காரர்கள் தண்ணீர் தேங்கிய பகுதிகளில் படகு விட்டதும் உண்மை. அதற்குக் காசு வாங்கவில்லை.

பஸ்ஸில் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. மூட்டையைக் கண்டால் கண்டக்டர் முகம் மாறும். நேரத்துக்கு வராது, வந்தால் மூன்று சேர்ந்து வரும். ஆனாலும் அதன் கட்டணம் மழைக்கும் வெயிலுக்கும் ஒன்றே. 2018 ஜனவரியில் உயர்த்தினார்கள், சாதாரண பஸ்ஸில் குறைந்தபட்சம் 3 ரூபாய் 5 ரூபாயாயிற்று, அவ்வளவுதான். 2021 மே மாதம் முதல் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபின், எங்கள் தெருவில் ஒரு மாற்றம் கண்கூடு. வீட்டு வாசலில் சிறு கடை வைத்திருக்கும் பெண்கள், மசாலாப் பொடி அரைத்து விற்பவர்கள், முன்பு பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்தவர்கள் வாரம் இருமுறை வருகிறார்கள். ஒரு தடவைக்கு ஐந்து கிலோ, பத்து கிலோதான். ஆனால் ரொக்கம். கடன் சொல்வதே இல்லை. இவர்களை நம் தெருவுக்குக் கொண்டு வந்தது எந்தச் செயலியும் அல்ல.

பொதுப் போக்குவரத்து எங்கே குறைகிறதோ அங்கே செயலியின் விலை ஏறுகிறது. கிளாம்பாக்கம் இதற்குச் சாட்சி. தென்மாவட்ட பஸ்கள் 2023 டிசம்பர் கடைசிக்குப் பிறகு கோயம்பேட்டை விட்டு அங்கே போயின. பாரிமுனையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். திறந்தபோது மின்சார ரயில் நிலையம் அங்கே இல்லை. வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது. நள்ளிரவில் இறங்குகிற வெளியூர் வியாபாரி செல்போனில் காட்டுகிற தொகைக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. என்னிடம் மாதம் தவறாமல் வந்து கொண்டிருந்த இருவர் இப்போது போனிலேயே ஆர்டர் சொல்கிறார்கள். சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குகிறவர் எத்தனை நாளைக்கு என்னிடமே வாங்குவார் என்ற கவலை எனக்கு உண்டு. 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்க 'சென்னை ஒன்' என்று அரசே ஒரு செயலி கொண்டு வந்திருக்கிறது. நல்ல காரியம். பஸ்களையும் கூட்டினால் இன்னும் நல்லது.

25 ரூபாய் நாள் வாடகை

இனிச் சொல்லப் போவது உறுப்பினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. 2022ல் பெங்களூரில் ஒரு தகராறு. அங்கே அரசு ஆட்டோக் கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 30 ரூபாய் இருக்க, செயலிகள் குறைந்தபட்சம் 100 ரூபாய் வசூலிக்கின்றன என்று புகார் எழுந்து, அக்டோபரில் ஆட்டோ சேவையை நிறுத்தும்படி போக்குவரத்துத் துறை உத்தரவிட்டது. அடுத்த மாதமே ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் ஆதரவோடு 'நம்ம யாத்ரி' என்ற செயலி வந்தது. அதில் கமிஷன் கிடையாது. வாடகை முழுவதும் ஓட்டுநருக்கே. பிறகு 2023ல் செலவுக்காக நாளொன்றுக்கு 25 ரூபாய், அல்லது சவாரிக்கு 3 ரூபாய் 50 காசு என்று வைத்தார்கள். தரகு இல்லை, இடத்துக்கு நாள் வாடகை மட்டும். நம் சந்தைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிற முறைதான் இது.

இதன் விளைவு என்ன தெரியுமா? கமிஷன் இல்லாமல் தொழில் நடத்தவே முடியாது என்று இருந்த பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. 2025 பிப்ரவரியில் ஊபர் ஆட்டோவுக்குக் கமிஷனை எடுத்துவிட்டு நாள் கட்டணத்துக்கு மாறியது. ஜூன் மாதம் ஓலாவும் கமிஷன் இல்லை என்று அறிவித்தது. ஊபர் இன்னொன்றும் சொன்னது: செயலியில் காட்டுகிற ஆட்டோ வாடகை ஒரு யோசனை மட்டுமே, ஓட்டுநரும் பயணியும் பேசி முடித்துக் கொள்ளலாம், பணத்தை ஓட்டுநரிடமே கொடுக்க வேண்டும் என்று. பேரத்தை ஒழிக்க வந்த செயலி பேரத்தில் கொண்டு வந்து விட்டிருக்கிறது! இதில் வரி விஷயமும் கலந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். 2022 ஜனவரி முதல் செயலி வழியாகப் பிடிக்கும் ஆட்டோவுக்கு 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி. உண்டு, தெருவில் கை காட்டி நிறுத்தும் ஆட்டோவுக்குக் கிடையாது என்று விதித்தார்கள். ஒரே ஆட்டோ, ஒரே தூரம். வரி விதிப்பில் நாம் படும் பாட்டை நினைத்துக் கொண்டேன்.

நம் தம்பி இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். கொரோனாவுக்குப் பிறகு, முன்பணம் அதிகம் போட்டு, தவணை குறைவாக வைத்து வாங்கியது. இம்முறை ஜாமீன் கேட்கவில்லை, நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. செல்போனில் மூன்று செயலி வைத்திருக்கிறான், நாள் கட்டணம் எதில் லாபமோ அன்றைக்கு அதைத் திறக்கிறான். அதோடு சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. நம் தெருவுக்கு வருகிற முப்பது, நாற்பது கடைக்காரர்களின் போன் நம்பர், யார் என்றைக்கு வருவார்கள், எவ்வளவு சுமை இருக்கும் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறான். காலை ஒன்பது மணி வரை இவர்களுக்கு மட்டும்தான் ஓட்டுவானாம். செயலியில் இதை விட அதிகம் கிடைக்குமே என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, நாலு வருஷம் கார் ஓட்டுனேன். எத்தனை ஆயிரம் பேரை ஏத்தி இறக்கியிருப்பேன்! வண்டி போனப்போ அவங்கள்ல ஒருத்தர் நம்பர்கூட எங்கிட்ட இல்ல. அவங்க எனக்கு வாடிக்கை இல்ல, கம்பெனிக்கு வாடிக்கை" என்றான்.

கார் வந்து போனது மூன்று வருஷத்துக்குள்தான். அவனுக்கு நாலு வருஷமாகத் தோன்றியிருக்கிறது, நான் திருத்தவில்லை.

இதன் பேரில் ஒரு யோசனையை அடுத்த பொதுக்குழுவில் வைக்க எண்ணியிருக்கிறேன். நம் தெருவைச் சுற்றியுள்ள ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களில் விருப்பமுள்ள இருபது பேரைச் சங்கம் பதிவு செய்து கொள்ளட்டும். சென்ட்ரல், எழும்பூர், கடற்கரை ஸ்டேஷன், கிளாம்பாக்கம் ஆகிய இடங்களுக்கு இரு தரப்பும் ஒப்புக் கொண்ட வாடகையையும் அவர்கள் போன் நம்பரையும் சங்க வாசலில் போர்டில் எழுதி, ஒவ்வொரு கடை பில்லின் பின்புறமும் அச்சடிப்போம். பெட்ரோல் விலையைப் பார்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாடகையைத் திருத்துவோம். அதிகம் கேட்கிற ஓட்டுநர் பெயரை எடுத்துவிடலாம். பேசிய வாடகையைக் கொடுக்காமல் தகராறு செய்கிற வியாபாரி நம் வாடிக்கையாளரே ஆனாலும் கண்டித்துச் சொல்ல வேண்டும். ஓட்டுநர்களிடம் சங்கம் ஒரு பைசா வாங்கக் கூடாது. இதற்கு ஒரு தொகை வசூலித்துக் கட்டட நிதியில் சேர்க்கலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். நான் அதற்கு எதிர்ப்பு.

சென்ற வாரம் ஸ்டாண்டுக்காரர்களிடம் பேசிப் பார்த்தேன். சென்ட்ரல், எழும்பூர் வாடகை சுலபமாக முடிந்துவிட்டது. கிளாம்பாக்கத்துக்கு இரவு வாடகை மட்டும் இன்னும் ஒத்து வரவில்லை. அவர்கள் 950 என்கிறார்கள். நான் 750ல் நிற்கிறேன்.